பரணில் ஒரு சப்பரம்: பழைய காயத்தைக் கவிதையாக எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் என் தம்பி குடமுருட்டி ஆற்றில் போய்விட்டான். அவனுக்கு ஆறு வயது, எனக்கு ஒன்பது. தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். அதற்குப் பிறகு 27 வருடம் எங்கள் வீட்டில் அவன் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை.

ஆனால் அம்மா எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும், ஒப்பாரியில் நாலு அடி தாண்டியதும் "என் ராசா" என்று திரும்பிவிடுவாள். நடு வீட்டில் கிடத்தியிருப்பது எழுபது வயதுக் கிழவியாக இருக்கும். அம்மா அழுவது ஆறு வயதுப் பையனுக்கு. கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கும் மற்ற பெண்களுக்கும் அது தெரியும். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவரவர் பாக்கியை அவரவர் அங்கே அழுது தீர்த்துக்கொண்டிருப்பார்கள்.

அம்மாவுக்கு ஒப்பாரி இருந்தது. எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. படித்த பெண் மாரடித்து அழுவது கேவலம் என்று ஆகிவிட்ட காலத்தில் வளர்ந்தவள் நான். எனக்கு வாய்த்தது ஒரு நோட்டு. நான் மனநல மருத்துவரும் இல்லை, பேர் சொன்னால் தெரியும் கவிஞரும் இல்லை. ஏழு வருடமாக எழுதி, தப்பாக எழுதி, கிழித்து, மறுபடி எழுதியதில் எது வேலை செய்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

உட்காருவதற்கு முன்

காயம் புதிதாக இருந்தால் இப்போது எழுத வேண்டாம். பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத வீட்டில் யாரையும் "மனசில் இருப்பதைக் கொட்டிவிடு" என்று நெருக்கக் கூடாது. முதலில் சாப்பாடு, தூக்கம், பக்கத்தில் ஓர் ஆள். எழுத்து சில மாதங்கள் காத்திருக்கும், கெட்டுப்போகாது.

இன்னொரு வகையினரும் தனியாக எழுத உட்காரக் கூடாது. பழைய சம்பவம் கண்முன்னே மறுபடி நடப்பதுபோல் வந்து யாரை உலுக்குகிறதோ அவர்கள், வாரக்கணக்கில் தூக்கம் இல்லாதவர்கள், செத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறவர்கள். இவர்கள் முதலில் போக வேண்டியது மருத்துவரிடம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். போனில் பேச 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழ்நாட்டில் 104-க்கும் அழைக்கலாம். மருத்துவம் நடக்கும்போதே எழுதலாம், அதற்குப் பதிலாக எழுதக் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கவிதை எழுதுவதாக ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். திட்டித்தான் அனுப்பினேன்.

அப்புறம், எதை எழுதப் போகிறோம் என்று தீர்மானிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஆகப் பெரிய துயரத்தில் கைவைப்பது நாம் எல்லோரும் செய்யும் தவறு. மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருடங்களில் முறை வைத்துத்தானே விடுகிறார்கள், இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், அந்த ஆற்றுக்கு இத்தனை நாள் என்று. அதைப் போலச் சின்ன வாய்க்காலில் முதலில் விட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பட்ட ஓர் அவமானம், விற்றுப்போன மாடு, பேசாமல் போன சிநேகிதி. கரை தாங்குகிறதா என்று தெரிந்துகொண்டு அடுத்ததற்குப் போகலாம்.

முதல் நான்கு நாள்: கவிதையே வேண்டாம்

இதற்கு ஓர் ஆராய்ச்சிப் பின்னணி உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். சிலர் தங்களுக்கு நேர்ந்த கொடிய சம்பவத்தின் விவரத்தை மட்டும், சிலர் அதைப் பற்றிய உணர்ச்சியை மட்டும், சிலர் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது, இரண்டையும் சேர்த்து எழுதியவர்களிடம்தான். வெறுமனே கொட்டித் தீர்ப்பது போதாது என்று நான் முதலில் புரிந்துகொண்டது இதைப் படித்துத்தான். பின்னால் வந்த ஏராளமான ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் பலன் இருக்கிறது, ஆனால் சிறிய அளவில்தான். அதிசயம் எதிர்பார்க்காதீர்கள்.

செய்முறை எளிது. நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. போன் வேண்டாம், எழுதிக்கொண்டிருக்கும்போதே கல்யாணப் பத்திரிகை வந்து விழும். நேரம் 20 நிமிடம், அடுப்பில் எதுவும் இல்லாத நேரமாகப் பாருங்கள். எழுத்துப்பிழை, அழகு எதையும் பார்க்காமல், என்ன நடந்தது, அப்போது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று உரைநடையில் எழுதிக்கொண்டே போங்கள். கை நின்றால் கடைசி வரியையே திரும்ப எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் மனசு கனமாக இருக்கும். அந்த ஆய்விலும் எழுதிய உடனே மாணவர்களின் மனநிலை மோசமாகத்தான் ஆனது, அது பயப்பட வேண்டிய அறிகுறி இல்லை. அதற்கென்று அடுத்த அரை மணி நேரத்தைக் காலியாக வையுங்கள். குளியுங்கள், கடைத்தெரு வரை நடந்துவிட்டு வாருங்கள். நான் எழுதி முடித்ததும் கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன், மாலை ஆறு மணியானாலும் சரி. ஆனால் எழுதும்போதே மூச்சு முட்டுகிறது, கை நடுங்குகிறது, இதற்கு மேல் போனால் உடைந்துவிடுவேன் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்துங்கள். வாக்கியத்தின் பாதியில் நிறுத்தினாலும் தப்பில்லை.

கூட்டுக் குடும்பத்தில் நோட்டை எங்கே ஒளிப்பது என்பது உண்மையான பிரச்சினை. என் நோட்டு மூன்று வருடம் தையல் மிஷின் பெட்டிக்குள் இருந்தது. யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் எழுத்தில் பொய் வந்துவிடும். அதற்கு அன்றன்றே எழுதிக் கிழித்துப் போடுவது மேல்.

பொருள்களைப் பொறுக்குவது

நான்கு நாள் முடிந்து ஒரு வாரம் நோட்டைத் தொடாதீர்கள். பிறகு பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். உணர்ச்சிச் சொற்களை விட்டுவிட்டு, கையால் தொடக்கூடிய பொருள், இடம், நேரம், சத்தம், வாசனை இவற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

நம் அகப்பாடல் மரபு இதைத்தான் செய்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துப் பறவை, மரம், தொழில் எல்லாம் கருப்பொருள். உரிப்பொருளான உணர்ச்சி அவற்றின் மேல் ஏறி வரும். மருதத்துக்கு வயலும் வைகறையும், நெய்தலுக்குக் கடற்கரையும் எற்பாடும் (பொழுது சாயும் நேரம்) என்று பிரித்து வைத்தார்கள். டெல்டாக்காரர்கள் நமக்கு இந்த இரண்டும் வாசலிலேயே இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துபோன இந்தப் பட்டியல், எழுத உட்காருகிறவருக்கு ஒரு கருவி என்று எனக்கு முப்பத்தாறு வயதில்தான் தெரிந்தது.

என் நான்கு நாள் எழுத்தில் "குற்ற உணர்ச்சி" என்ற சொல் பதினாலு இடத்தில் இருந்தது. "சப்பரம்" ஒரே ஓர் இடத்தில். ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சின்ன மரச் சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். அந்த வருடம் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சப்பரம். யார் இழுப்பது என்று மறுநாள் காலையில் சண்டை. நான் ஒரு சக்கரத்தைப் பிடுங்கி ஒளித்துவைத்துக்கொண்டேன். அவன் கோபித்துக்கொண்டு வெளியே போனான். இது அதுவரை யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

முதலில் நான் எழுதிய கவிதை இது:

உன்னை இழந்த வலி
ஆறாத ரணமாய் என் நெஞ்சில்.
கண்ணீர் நதியில்
கரைகிறேன் தினம்.

இது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். பூனை செத்தவருக்கும் பொருந்தும். ஒரு வருடம் கழித்து, சப்பரத்துக்கு அடியில் கோடு போட்ட பிறகு எழுதியது:

பரணில் இருக்கிறது சப்பரம்
மூன்று சக்கரத்தோடு.
நாலாவது
என் கவுன் பையில் இருந்தது
அம்மா துவைக்கும்வரை.

இதில் துக்கம் என்ற சொல் இல்லை. இதை எழுதிய அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். முந்தைய கவிதையை எழுதிய அன்று தூங்கவில்லை.

ஒரு தடைப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். வலி, ரணம், இதயம், கண்ணீர், தனிமை, மௌனம், சிறகு. முதல் பத்துக் கவிதைகளில் இவை வரக் கூடாது. (மௌனத்துக்கும் சிறகுக்கும் தமிழ்க் கவிதையில் ஒரு பத்து வருடம் பொதுவாகவே ஓய்வு கொடுக்கலாம்.) ஏழு பொருள்களை எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எங்கே இருந்தது, அப்போது என்ன பொழுது என்று குறியுங்கள். பொழுதைப் புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டாம். நெய்தலின் இரங்கலுக்கு எற்பாடு உரியதாக இருக்கலாம். ஆனால் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு இரங்கலின் பொழுது 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலைதான்.

பேராவூரணிப் பக்கம் எனக்குத் தெரிந்த தென்னை விவசாயி ஒருவர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது தோப்பு முழுவதும் சாய்ந்துவிட்டது. அழுகிற ஆள் இல்லை, பேசுகிற ஆளும் இல்லை. அவரிடம் கவிதை எழுதச் சொன்னால் சிரிப்பார். விழுந்த மரங்களை எண்ணி எழுதச் சொன்னேன். எழுதினார்:

வாய்க்கால் ஓரம் ஏழு.
மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் பதினொன்று.
பெரியவள் பிறந்தப்ப வைத்தது ஒன்று.
சின்னவளுக்கு வைத்தது, அது சாயவில்லை,
கொண்டை மட்டும் போச்சு.

கணக்கு எழுதுகிறோம் என்றுதான் நினைத்தார். ஐந்தாவது வரியில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனார். கூச்சப்படுகிற ஆண்களுக்குப் பட்டியல் நல்ல வடிவம்.

யார் பேசுவது

"நான்" என்று எழுதிக் கை நடுங்கினால், இன்னொருவரைப் பேச விடுங்கள். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். இது வெறும் இலக்கண ஒழுங்கு என்று நான் நம்பவில்லை. பெயர் இல்லாததால்தான் எதையும் பேச முடிந்திருக்கிறது.

தலைவி வாய் திறக்க முடியாத இடத்தில் தோழி பேசுகிறாள். உங்கள் கதையை உங்கள் சிநேகிதி சொன்னால் எப்படித் தொடங்குவாள்? அதை எழுதிப் பாருங்கள். நம்மைப் பற்றி நாம் சொல்வதைவிட அவள் இரக்கமாகச் சொல்வாள். இன்னொரு உத்தி சிறைப்புறம். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவன் காதில் விழ வேண்டும் என்றே, இந்தப் பக்கம் வேறு யாரிடமோ பேசுவது. முகத்துக்கு நேரே கேட்க முடியாத ஆள் ஒருவர் உங்கள் கதையில் இருந்தால், அவரை வேலிக்கு அப்பால் நிறுத்திவிட்டு, மாட்டிடமோ முருங்கை மரத்திடமோ சொல்லுங்கள். சின்ன வயதில் உறவினர் ஒருவரால் பாதிக்கப்பட்ட பெண், திண்ணைத் தூணிடம் பேசுவதாக எழுதியதைப் படித்திருக்கிறேன். அந்தத் தூணுக்குப் பின்னால் யார் நின்றார் என்று கவிதையில் கடைசி வரை வரவில்லை.

வரைவு எழுதும்போது ஒப்பாரியை நினைத்துக்கொள்ளுங்கள்

ஒப்பாரிக்காரிக்குச் சொல் தேடி நிற்க நேரமில்லை. அதனால் அச்சு ஒன்று வைத்திருப்பாள். போனவரை நேரடியாக விளிப்பாள். முதல் அடியில் அழகாக அமைந்த ஒரு பொருள் வரும், அடுத்த அடியில் அது உடையும். ஈற்றுச்சொல் திரும்பத் திரும்ப வரும். அந்தத் திரும்பல்தான் அழுகிறவளைத் தாங்கிப் பிடிக்கிறது. அடுத்த அடி எங்கே போய் முடியும் என்று தெரிந்திருப்பதால் நடுவில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய்வர முடிகிறது.

யாப்பு தெரிய வேண்டியதில்லை. தமிழில் புதுக்கவிதையைத் தொடங்கிவைத்த ந. பிச்சமூர்த்தியே கும்பகோணத்துக்காரர்தான், நம் மண்ணில் அந்தச் சங்கடம் என்றோ தீர்ந்துவிட்டது. ஆனால் திரும்பல் ஒன்று வேண்டும். "நீ இருந்திருந்தால்" என்று தொடங்கும் எட்டு வரி எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் நீங்கள் பொறுக்கிவைத்த பொருள் ஒன்று வரட்டும். எனக்கு வந்ததில் ஒன்று, "நீ இருந்திருந்தால் இந்த ரேஷன் வரிசையில் உன்னை நிற்க வைத்திருப்பேன்." சிரிப்பு வந்தது. அவனைப் பற்றி எனக்கு முதன்முதலில் வந்த சிரிப்பு அதுதான்.

"ஏனென்றால்"

பென்னிபேக்கரும் மற்றவர்களும் பின்னால் இன்னொன்றைக் கவனித்தார்கள். பலன் அடைந்தவர்களின் எழுத்தில் நாள் போகப்போக "ஏனென்றால்", "இப்போது புரிகிறது" போன்ற சொற்கள் கூடியிருந்தன. முதல் நாளே எல்லாம் தெளிவாக எழுதியவர்களைவிட, குழப்பத்தில் தொடங்கிக் கதையை மெல்லக் கட்டியவர்களுக்குத்தான் அதிகப் பயன்.

ஆகவே, கவிதை ஓரளவு அமைந்த பிறகு, நோட்டின் பின்பக்கத்தில் உரைநடையில் ஒரு வாக்கியத்தை எழுதி, "ஏனென்றால்" போட்டு முடியுங்கள். அதையே பத்து முறை, பத்து வேறு முடிவோடு.

27 வருடமாக என்னிடம் இருந்த வாக்கியம்: நான் சக்கரத்தைப் பிடுங்கினேன், அதனால் அவன் ஆற்றுக்குப் போனான். பத்து முறை எழுதியதில் இரண்டாவது, படித்துறையில் பாசி. நாலாவது, தண்ணீர் முதல் நாளைவிட ஏறியிருந்தது. ஐந்தாவது, பெரியவர்கள் எல்லோரும் சம்பா நாற்றங்கால் வேலைக்குப் போயிருந்தார்கள். ஏழாவது இப்படி வந்தது: அவன் ஆற்றுக்குப் போனான், ஏனென்றால் முதல் நாள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து, புதுச் சட்டை போட்டு, காப்பரிசி கொடுத்து, அவனை ஆற்றுக்குத்தான் அழைத்துப் போனோம்.

அதற்கு மேல் எழுத ஒன்றும் இருக்கவில்லை. சக்கரமும் காரணங்களில் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எல்லோருக்கும் இப்படி ஒரு ஏழாவது வாக்கியம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்குப் பத்தும் ஒரே இடத்தில் போய் நிற்கும், சிலருக்குத் தாங்கள் செய்ததே தப்பு என்றுதான் தெரியவரும். அப்போது எழுதுவதை நிறுத்தி, ஆலோசகர் ஒருவரிடம் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

வாய்விட்டுப் படிப்பது

ஆள் இல்லாத நேரத்தில் சத்தமாகப் படியுங்கள். மூச்சு நிற்கும் இடத்தில் வரியை உடையுங்கள். படிக்கும்போது குரல் நாடகமாகிற இடத்தை அடியுங்கள். அங்கே நீங்கள் இல்லை, எங்கோ கேட்ட பட்டிமன்றப் பேச்சு இருக்கிறது. கடைசி இரண்டு வரியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவை தேவைப்படாது.

யாரிடம் காட்டுவது

யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. வாட்ஸப் குழுவில் போடுவதற்கு முன் ஒரு மாதம் பொறுங்கள். நாலு கும்பிடு, இரண்டு ரோஜாப்பூ, ஒரு "அருமை சகோதரி" வரும், அடுத்து யாரோ பெட்ரோல் விலையைப் போடுவார். உங்கள் வாழ்க்கையில் நடந்த மிகப் பெரிய விஷயத்துக்கு அது போதாது. படித்தவுடன் அறிவுரை சொல்லாத ஒரே ஓர் ஆள் போதும்.

கதையில் இருப்பவர்கள் உயிரோடு இருந்தால் அவர்கள் பக்கத்தையும் யோசியுங்கள். துன்புறுத்தியவர் இன்னும் அதே வீட்டில், அதே தெருவில் இருந்தால் கவிதையை வெளியே விடுவதற்கு முன் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. அந்த இடத்தில் கவிதையைவிடப் புகார் முக்கியம்.

நான் இரண்டு வருடம் தயங்கிவிட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐந்து வரிதான். முடித்ததும் நிமிர்ந்து பார்க்காமலே, "தொவைக்கிறப்பவே தெரியும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உன்கிட்ட எப்படிக் கேக்கிறது" என்றாள். பிறகு கீரையை அலசப் போய்விட்டாள். அதற்குப் பின் தம்பியின் பெயர் எங்கள் வீட்டில் எப்போதாவது வருகிறது, சாப்பாட்டுப் பேச்சின் நடுவில், அவனுக்கு வாழைக்காய் பிடிக்காது என்கிற மாதிரி.

எப்போது நிறுத்துவது

ஒரே காயத்தைப் பற்றி ஐந்தாவது, ஆறாவது கவிதை வந்து, அதில் புதிதாக ஒரு பொருளும் இல்லையென்றால் நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப அங்கேயே உழன்றால் எழுத்தும் ஒரு பழக்கமாகிப் புண்ணைக் கிளறத் தொடங்கிவிடும். சிலநாள் வேறு எதையாவது எழுதுங்கள், தெருவில் பார்த்தது, பேருந்தில் கேட்டது. நினைவு நாள் வரும்போது மட்டும் பழைய நோட்டை எடுத்தால் போதும். எழுதியதை ஆற்றில் விடுகிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள். வேண்டாம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடைக்காரர்கள் ஏற்கெனவே நம் குப்பை அத்தனையையும் மதகில் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். எரிக்கலாம், புதைக்கலாம், பரணில் போடலாம்.

என் நோட்டு பரணில்தான் இருக்கிறது. சப்பரத்தைப் போன ஆடியில் இறக்கிக் கொடுத்தேன், பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். ஆசாரி நாலாவது சக்கரத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்துவிட்டார். ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் ஓடியது.